மதகு திறப்பதெல்லாம் போர் அல்ல
தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நீர்வளத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. எந்த அணைக்கு நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திகளுக்குப் போவேன். மேட்டூர் நீர்மட்டத்தை அடிக்கணக்கிலும் திறப்பைக் கனஅடிக் கணக்கிலும் நாள் தவறாமல் சொல்லும் ஒழுங்கு தமிழ் இதழியலுக்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிரம்மபுத்திரா, சிந்து, கும்தி என்று வந்துவிட்டால் அந்த ஒழுங்கு எங்கே போகிறது? காவிரியில் வெள்ளம் வந்தால் நீர்ச் செய்தி. எல்லையை ஒட்டிய ஆற்றில் வந்தால் அது ராணுவச் செய்தி. திரை சிவக்கிறது, போர் விமானம் பறக்கும் பழைய காட்சி ஓடுகிறது, ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர் விவாதத்தில் வந்து அமர்கிறார். நீரியல் தெரிந்த ஒருவரைக்கூடக் காணோம்.

பருவநிலை மாற்றத்தால் மழையின் போக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதத்து மழை ஓரிரு நாளில் கொட்டுகிறது, பனியாறுகள் உருகி மலை ஏரிகள் பெருகுகின்றன. இதை நீங்கள் சொல்லாமல் இல்லை. சொல்லும்போதே அதை 'யார் நம்மைத் தாக்குகிறார்கள்' என்ற கேள்வியாக மாற்றிவிடுகிறீர்கள் என்பதுதான் என் குறை. அந்தக் கேள்வி நுழைந்த கணத்தில், எச்சரிக்கை ஏன் போய்ச்சேரவில்லை, கரை ஏன் உடைந்தது, அந்த இடத்தில் அணையைக் கட்டச் சொன்னது யார் என்ற கேள்விகளெல்லாம் வெளியே போய்விடுகின்றன.

2024 ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். வங்கதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் பெருவெள்ளம், 50 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. ஷேக் ஹசீனா டாக்காவை விட்டுக் கிளம்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. திரிபுராவில் கும்தி ஆற்றின் மேலுள்ள டும்பூர் அணையை இந்தியா வேண்டுமென்றே திறந்துவிட்டது என்று அங்கே கொந்தளித்தார்கள். இங்கே பல சேனல்கள் அதற்குப் பதிலடி விவாதம் நடத்தின. அதே மழையில் திரிபுராவிலும் மக்கள் வெள்ளத்திலும் மண்சரிவிலும் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது இரண்டு பக்கச் சத்தத்திலும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22 அன்று நம் வெளியுறவு அமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது. அணை எல்லையிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, உயரம் ஏறக்குறைய 30 மீட்டர்தான், நீர் தானாகவே வெளியேறியது என்றெல்லாம் அதில் இருந்தது. அவற்றை நீங்கள் போட்டீர்கள். அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது: நீர்மட்டம் ஏறுவது பற்றிய விவரம் 21ஆம் தேதி பிற்பகல் 3 மணி வரை வங்கதேசத்துக்குப் போனது, மாலை 6 மணிக்கு வெள்ளத்தால் மின்சாரம் போய்த் தகவல்தொடர்பு தடைப்பட்டது. என்னைக் கேட்டால் அன்றைய தலைப்புச் செய்தி அதுதான். எல்லை தாண்டிப் போகவேண்டிய வெள்ள எச்சரிக்கை ஒரு மின்தடையைத் தாங்காத நிலையில் இருக்கிறது. ஜெனரேட்டர் இருந்ததா, மாற்று வழி என்ன, அடுத்த மழைக்குள் சரிசெய்வார்களா? இந்த மூன்றையும் கேட்ட ஒரு விவாதம்கூட என் கண்ணில் படவில்லை. மிக மோசமாக மூழ்கிய ஃபெனி மாவட்டத்துக்குள் வருவது முஹுரி ஆறு, அது கும்தி அல்ல என்பதை வரைபடத்தைத் திறந்திருந்தால் ஒரு பயிற்சி நிருபரே சொல்லியிருப்பார்.

அணையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அணை நிரம்பி, மேலேயிருந்து வரத்தும் குறையாதபோது மதகைத் திறப்பது எவர் மீதும் தொடுக்கும் தாக்குதல் அல்ல. திறக்காவிட்டால் அணையே போய்விடும், அதன் பிறகு கீழே போவதைக் கனஅடியில் சொல்ல முடியாது. பொறுப்பின்மை இருந்தால் அது வேறு இடத்தில் இருக்கும். மழை வரும் என்று தெரிந்தும் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி இடம் வைக்காமல் விட்டதில் இருக்கும், கீழே உள்ளவர்களுக்கு நேரத்தோடு சொல்லாததில் இருக்கும். விசாரிக்க வேண்டியவை அவை. பகை நாடு, நட்பு நாடு இரண்டிலும் அவற்றை ஒரே மாதிரிதான் விசாரிக்க வேண்டும்.

2025இல் இது முற்றிவிட்டது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ஏப்ரல் 23 அன்று 1960ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே வாதிடப்போவதில்லை, அது அரசியல். ஆனால் அன்று இரவே 'பாகிஸ்தானுக்குத் தண்ணீர் கட்' என்று ஓடிய அறிவிப்புகள் பொறியியல் சம்பந்தப்பட்டவை. ஒப்பந்தத்தில் பாகிஸ்தானுக்கு ஒதுக்கிய மேற்கு ஆறுகளான சிந்து, ஜீலம், செனாப்பில் நமக்கு இருப்பவை பெரும்பாலும் ஓடும் நீரில் மின்சாரம் எடுக்கும் சிறு தேக்கங்கள். செனாப்பின் கோடைப் பெருக்கை நிறுத்திவைக்க இடம் எங்கே இருக்கிறது? அதைக் கேட்காமலே பாதிப் பாகிஸ்தானைப் பாலைவனமாக்கி முடித்துவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து அதே ஒப்பந்தத்தின் கிழக்கு ஆறுகள் பதில் சொல்லின. ஆகஸ்ட் கடைசியில் ராவியும் சட்லெஜும் பியாஸும் பெருகி, இந்தியப் பஞ்சாபின் 23 மாவட்டங்களும் வெள்ளம் பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மாதோப்பூர் தலைமதகின் ஷட்டர்களே பிய்த்துக்கொண்டு போயின. எல்லை வேலி நீளநெடுக மூழ்கியது. அந்தப் பக்கம் கர்த்தார்பூர் குருத்வாராவில் தண்ணீர் நின்றது. பாகிஸ்தான் அமைச்சர் அஹ்சான் இக்பால் இதை இந்தியாவின் நீர் ஆக்கிரமிப்பு என்றார். குர்தாஸ்பூரில் கழுத்தளவு நீரில் மாட்டை இழுத்துக்கொண்டு போன விவசாயி அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஒப்பந்தத்தின் ஆணையர்கள் வழியாகப் போகவேண்டிய வெள்ள எச்சரிக்கை அந்த ஆண்டு தூதரகம் வழியாக, மனிதாபிமான அடிப்படையில் என்ற குறிப்போடு போனது. போனதே நல்லது. ஆனால் எச்சரிக்கை வழி மாறிப் போனதால் எத்தனை மணி நேரம் கூடியது, குறைந்தது என்பதுதான் கரையோரத்தில் இருப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை. எந்த மொழிச் சேனலிலும் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட நான் கேட்கவில்லை.

வெள்ளத்தையும் வறட்சியையும் போராகவே பார்க்கும் இந்தச் சட்டகம் நம் ஊரில் முளைத்ததல்ல. 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக இருவர் ஓர் அறிக்கை எழுதினார்கள். திடீர் பருவநிலை மாற்றம் வந்தால் என்ன ஆகும் என்ற கற்பனைக் காட்சி அது, அப்படித்தான் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். 2004 பிப்ரவரியில் லண்டன் ஞாயிறு இதழ் ஒன்று அதை அமுக்கப்பட்ட ரகசிய அறிக்கை என்று போட்டது. 2020க்குள் பிரிட்டன் சைபீரியா போலக் குளிரும், ஐரோப்பிய நகரங்கள் மூழ்கும், அணுஆயுத மோதல் வரும் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. (2022 ஜூலையில் இங்கிலாந்தில் வெயில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது.) 2007இல் அமெரிக்காவின் ஓய்வுபெற்ற தளபதிகள் 11 பேர் சேர்ந்து, பருவநிலை மாற்றம் இருக்கிற ஆபத்துகளைப் பெருக்கிவிடும் என்று அறிக்கை தந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் பிரிட்டன் முதல் விவாதத்தையும் நடத்தியது. அதன் பிறகு எந்த வறட்சியும் போருக்கு முன்னுரையாகிவிட்டது. அந்தப் படைகளே எரிக்கும் எண்ணெயின் கணக்கைப் பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் கட்டாயமாகத் தரவேண்டியதில்லை என்பதை மட்டும் தளபதிகள் பெரிதாகப் பேசுவதில்லை.

இந்தியா இதில் எங்கே நின்றது என்பது உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். 2021 டிசம்பர் 13 அன்று அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானம், பருவநிலையைப் பாதுகாப்பு மன்றத்தின் வேலைக்குள் கொண்டுவரப் பார்த்தது. 12 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா வீட்டோ செய்தது, சீனா ஒதுங்கிக்கொண்டது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அன்று இந்தியாவின் சார்பில் பேசியவர் டி.எஸ். திருமூர்த்தி. பணமும் தொழில்நுட்பமும் தருவதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றாத பணக்கார நாடுகள் பேச்சைப் பாதுகாப்பின் பக்கம் திருப்புகின்றன, இதைப் பேசும் இடம் எல்லா நாடுகளும் உட்காரும் பருவநிலை மாநாடுதான் என்பது நம் நாட்டின் நிலை. அதைப் பெருமையோடு வெளியிட்ட அதே செய்தியறைகள் அடுத்த மழைக்காலத்தில் பிரம்மபுத்திராவை ஆயுதம் என்கின்றன. ஐ.நா. இருக்கும் நியூயார்க்கில் ஒரு நியாயம், பிரம்மபுத்திரா ஓடும் அசாமின் திப்ருகரில் ஒரு நியாயமா?

சீனாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் விஷயம் உண்மையிலேயே சிக்கலானது. 2025 ஜூலையில் பிரம்மபுத்திராவுக்குத் திபெத்தில் பெயரான யார்லுங் சாங்போவின் கீழ்ப்பகுதியில் 60,000 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் வேலையைச் சீனப் பிரதமர் லி சியாங் தொடங்கிவைத்தார். இப்போது உலகின் மிகப் பெரிய நீர்மின் நிலையமான, சீனாவின் த்ரீ கார்ஜஸின் திறன் 22,500 மெகாவாட். நிலநடுக்கப் பகுதியில், நம்மோடு நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லாத நாடு இதைச் செய்கிறது. கவலைப்படாமல் இருக்க முடியாது. அருணாசல முதலமைச்சர் பேமா காண்டு அதைத் தண்ணீர் குண்டு என்றார், நீங்களும் அப்படியே போட்டீர்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால் அசாம் முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா, பிரம்மபுத்திராவின் நீரில் 30 முதல் 35 சதவீதம்தான் சீனப் பக்கமிருந்து வருகிறது, மீதி இங்கே பெய்யும் மழையிலும் துணையாறுகளிலும் சேர்கிறது என்று கணக்குச் சொன்னார். குண்டு தலைப்புக்குப் போனது, கணக்கு உள்பக்கத்துக்குப் போனது.

2000ஆம் ஆண்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரலில் திபெத்தின் யிகோங் ஆற்றில் மலைச்சரிவு ஒன்று ஆற்றையே அடைத்தது. பின்னால் தேங்கிய ஏரி ஜூனில் உடைந்து, அருணாசலத்தில் சியாங் என்று பெயர் பெறும் அதே ஆற்றின் பள்ளத்தாக்கில் நம் ஊர்களை வாரிச் சுருட்டியது. மேலே என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் தெரியாது. சீனா திறந்துவிட்டது என்ற சந்தேகம்தான் முதலில் எழுந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 2002இல் பிரம்மபுத்திராவின் வெள்ளக்கால நீரளவுகளைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடு வந்தது. டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் உரசிக்கொண்ட 2017இல் அந்த விவரங்கள் வரவில்லை. 2023இல் உடன்பாடு காலாவதியானது. குண்டு, ஆயுதம் என்று மணிக்கணக்கில் பேசும் நிகழ்ச்சிகளில் இந்த உடன்பாடு புதுப்பிக்கப்பட்டதா என்று ஒருவரும் அமைச்சரைக் கேட்பதில்லையே! அளவுமானி எண் கிடைத்தால் சியாங் கரையிலுள்ள பாசிகாட்டில் இருப்பவர் மேட்டுக்கு ஏற அவகாசம் கிடைக்கும். ஏவுகணையின் படத்தைக் காட்டினால் அவருக்கு என்ன கிடைக்கும்?

போர் மொழியின் உண்மையான விளைவு சியாங் கரையில் தெரிகிறது. சீன அணைக்குப் பதில் என்று நம் அரசு அங்கே 11,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட சியாங் மேல்நிலைத் திட்டத்தை முன்வைக்கிறது. கட்டினால் மூழ்கப்போவது ஆதி என்ற பழங்குடி மக்களின் ஊர்களும் வயல்களும். அவர்கள் ஆய்வு வேலைக்கே எதிர்ப்புச் சொன்னார்கள். 2025 மே மாதம் மத்திய ஆயுதக் காவல் படைகளின் துணையோடு ஆய்வு நடத்த முயன்றபோது பெகிங் கிராமப் பக்கம் மக்கள் திரண்டு போராடினார்கள். சாதாரண அணை என்றால் சுற்றுச்சூழல் அனுமதி எங்கே, நிலநடுக்க ஆய்வு எங்கே, மறுகுடியமர்வு எங்கே என்று கேட்கலாம். நாட்டின் பாதுகாப்பு என்று ஆன பிறகு கேட்பவர் தேசத்துக்கு எதிரானவர். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து வந்தபோது சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் அணை அப்படியே அடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்த பிறகும் மலையாற்றில் பெரிய அணை காவல் தரும் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். கேள்வி கேட்கும் ஆதி மக்களை மட்டும் சந்தேகப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

வெளியே எதிரி கிடைக்காதபோது உள்ளேயே ஒருவரைத் தேடுவதையும் பார்த்துவிட்டோம். 2022 ஜூனில் பராக் ஆறு அசாமின் சில்சார் நகரத்தை மூழ்கடித்தது. பெத்துகண்டியில் கரையை ஆட்கள் வெட்டியது உண்மை, அது தேங்கிய நீரை வடியவைக்கச் செய்தது. அதைச் சமூக ஊடகங்களும் சில சேனல்களும் வெள்ள ஜிகாத் என்றன. ஏழை முஸ்லிம்கள் சிலர் கைதானார்கள். 2024இல் குவாஹாத்தி மூழ்கியபோது, மேகாலயா மலையில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் மீது அதே பழியைப் போட்டவர், மேலே கணக்குச் சொன்ன அதே முதலமைச்சர். 2022 ஜூலையில் பத்ராசலத்தில் கோதாவரி 70 அடியைத் தாண்டியபோது, மேகவெடிப்புக்குப் பின்னால் வெளிநாட்டுச் சதி இருக்கலாம் என்றார் அன்றைய தெலங்கானா முதல்வர் சந்திரசேகர ராவ். அதைச் சிரிப்புச் செய்தியாகக் கடந்துபோனீர்கள். சில்சாரில் சிறைக்குப் போனவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

இடம்பெயர்பவர்கள் கதையும் இதுதான். 2050க்குள் 21.6 கோடிப் பேர் வரை பருவநிலையால் இடம்பெயரக்கூடும் என்ற உலக வங்கியின் 2021 கணிப்பைப் பலர் எல்லையை முட்டும் கூட்டமாகக் காட்டினார்கள். அந்தக் கணிப்பு தங்கள் நாட்டுக்குள்ளேயே நகரப்போகிறவர்களைப் பற்றியது. ஐலா, அம்பன் புயல்களுக்குப் பிறகு சுந்தரவனத்தில் உப்பேறிய வயலை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கட்டட வேலைக்கு வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்கள் பேசும் வங்கமொழியைக் கேட்டதும் 'ஊடுருவல்' என்று அறிவிப்பு ஓடவிடும்போது, புயலில் நிலத்தை இழந்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

பாதுகாப்பு என்ற பேச்சே வேண்டாம் என்பதல்ல என் வாதம். 2018இல் பசிபிக் தீவு நாடுகள் போயே பிரகடனத்தில், தங்கள் மக்களின் வாழ்வுக்கும் பாதுகாப்புக்கும் ஆகப் பெரிய அச்சுறுத்தல் பருவநிலை மாற்றமே என்று எழுதிவைத்தார்கள். துவாலுவில் இருப்பவர் அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மீனவர் குடும்பங்கள் கடற்படையையும் கடலோரக் காவல்படையையும் கூப்பிட்டுக் கதறின. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கையும் போய்ச்சேரவில்லை, தேடுதலும் வேண்டிய தூரம் போகவில்லை என்பது அவர்களின் ஆற்றாமை. படை தேவைப்பட்டது அங்கே. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் பற்றிப் பேச்சு சூடுபிடித்தது. பாதுகாப்பு என்றால் யாரை, எதிலிருந்து என்று அந்த அம்மாக்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இந்தக் குற்றச்சாட்டு நம் மீதே விழுந்தபோது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். முல்லைப் பெரியாற்றைத் தண்ணீர் குண்டு என்று மலையாள ஊடகங்கள் எத்தனை ஆண்டு எழுதின! அணைக்குக் கீழே வாழ்பவருக்குப் பயம் இருக்கும், அந்தப் பயம் பொய் அல்ல. ஆனால் 2011 நவம்பர், டிசம்பரில் அந்தச் சொல்லாடல் உச்சத்துக்குப் போனபோது இடுக்கித் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் அடிபட்டுத் தேனிப் பக்கம் ஓடிவந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் நொறுங்கின. 2018 பெருவெள்ளத்துக்குத் தமிழ்நாடு முல்லைப் பெரியாற்றைத் திறந்ததும் ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னது. வெள்ளத்துக்குக் காரணம் கடும் மழையே என்றது மத்திய நீர் ஆணையத்தின் அறிக்கை. அன்று நாம் கேட்டது என்ன? கணக்கைப் பாருங்கள், கனஅடியைப் பாருங்கள், எங்களை எதிரியாக்காதீர்கள் என்றுதானே கேட்டோம்? அதைத்தான் டும்பூர் விஷயத்தில் நம் அரசு கேட்டது. சியாங்கில் ஆதி மக்கள் கேட்பதும், சில்சாரில் கைதானவர்கள் கேட்டதும் அதுவே.

அடுத்த ஜூனில் அசாமில் வெள்ளம் வரும். மத்திய நீர் ஆணையம் நாள்தோறும் வெளியிடும் முன்னறிவிப்பை யாரும் பார்க்கலாம், எந்த நிலையத்தில் அபாய அளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று அதில் இருக்கும். செய்தியை அதிலிருந்து தொடங்குங்கள். எல்லைக்கு அப்பாலிருந்து எண் வந்ததா, எப்போது வந்தது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். கேட்டும் சீனா தரவில்லை என்றால் அதைத் தலைப்பாகவே போடுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து திட்டுவேன். 'தண்ணீர்ப் போர்' என்று ஒரு தலைவர் சொன்னால் அவர் சொன்னார் என்று போடுங்கள், உங்கள் குரலில் போடாதீர்கள். கூடவே அவர் ஆளும் இடத்தில் எத்தனை கரை உடைந்திருக்கிறது என்பதையும் போட்டுவிடுங்கள்.

விவாதத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் நீர்வள மையம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் நீரியல் ஆராய்ச்சியில் இருப்பவர்களில் தமிழில் பேசத் தெரிந்தவர்கள் உண்டு. வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் இரவெல்லாம் உட்கார்ந்து ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்கள் மாவட்டத்துக்குப் பத்துப் பேராவது தேறுவோம். வண்டி அனுப்பினால் வருவோம், அனுப்பாவிட்டாலும் பஸ் பிடித்து வருவோம். நாங்கள் சொல்வது போர் விமானம் அளவுக்குப் பரபரப்பாக இருக்காது. விளம்பர இடைவேளைக்கு முன்னால் மூன்று நிமிடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் செய்திகளை விடாமல் பார்க்கும்
ஓய்வுபெற்ற நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர்